ஃப்ளைவீல் நட்டு தளர்ந்ததற்கு எஞ்சினையே இறக்கியதாகப் பில்: படகு வைத்திருப்போர் கவனத்திற்கு

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறைக்கும் மறுகரை நாகமரைக்கும் இடையே ஓடும் எங்கள் படகின் பின்புறம் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சினில் எழுந்த தட்டல் சத்தத்தைக் காரணம் காட்டி, கோவையில் உள்ள ஒரு ஒர்க் ஷாப் செய்யாத வேலைக்கு 38,500 ரூபாய் வாங்கிவிட்டது. பம்ப்செட் மோட்டார் பார்க்கத் தெருவுக்கு ஒருவர் கிடைக்கும் கொங்கு நாட்டில் அவுட்போர்டு தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதும், கடற்கரை ஊர்களைப் போல நாலு பேரிடம் காட்டி விசாரிக்க வழியில்லை என்பதும் இத்தகையவர்களுக்கு வசதியாகப் போய்விடுகின்றன.

எங்களுடையது இரட்டை சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஐடிலில் ஓடும்போது மேற்பகுதியிலிருந்து 'டொக் டொக்' என்று தெளிவாகக் கேட்ட சத்தம், ஆக்ஸிலேட்டரைக் கூட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஸ்டார்ட் செய்வதும் முன்பைவிடச் சிரமமாகியிருந்தது. ஒர்க் ஷாப்காரர் தண்ணீர் டிரம்மில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டார். மேல்மூடியைக்கூடக் கழற்றாமல், "தண்ணி எறங்கி நந்தி தெரியுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களேங்க, அப்பப் பாறையில அடிச்சிருக்கும், கனெக்டிங் ராடு போயிருச்சுங்க" என்று, பிஸ்டனையும் அது சுழற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி பழுதாகிவிட்டதாக முடிவு சொல்லிவிட்டார்.

120 அடி கொள்ளும் அணையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிவது உண்மைதான். ஆனால் அடியில் எதிலாவது மோதினால் அந்த அடியை முதலில் வாங்குவது புரொப்பல்லர்; அதன் இறக்கை ஓரம் நசுங்கும், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் நழுவும், சிறிய எஞ்சின்களில் அதைப் பிடித்திருக்கும் சிறு ஊசி (ஷியர் பின்) உடையும். எங்கள் புரொப்பல்லரில் ஒரு கீறல் இல்லை. அதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், கேஸ்கட் என்று வரிசையாக எழுதிய பில்லோடு எஞ்சின் திரும்பி வந்தது. சத்தமும் அதனுடனே வந்தது. புதிய ரிங் போட்ட எஞ்சினை ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்ற வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வராதது அப்போதே எனக்கு நெருடியது.

பிறகு மேட்டூரில், இதே டூ ஸ்ட்ரோக் வகையான ஆர்.எக்ஸ். 100 பைக்குகளைப் பழுது பார்த்தே பழகிய ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, முதலில் நியூட்ரலிலும் பின்னர் கியரிலும் கேட்டார். இரண்டிலும் ஒரே சத்தம் என்பதால் கீழே உள்ள கியர் பெட்டியை ஒதுக்கினார். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் வயரையும் மாற்றி மாற்றி எஞ்சின் உடலோடு எர்த் செய்து பார்த்தார். ராடு பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் எரிப்பு நின்றதும் தட்டல் குறைய வேண்டும், குறையவில்லை. பின்னர் எஞ்சினை நிறுத்தி, கிராங்க் தண்டின் மேல்முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை இரு கைகளாலும் பிடித்து அசைத்தபோது, கிராங்க் திரும்பாமலே அது மட்டும் லேசாகத் திரும்பியது. நட்டு தளர்ந்து, ஃப்ளைவீலைக் கிராங்கோடு பூட்டும் சாவி எனும் சிறு இரும்புத் துண்டு பாதி அறுந்திருந்தது. பிளக்கில் பொறி விழும் நேரம் (டைமிங்) பிசகியதற்கும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்ததற்கும் அதுவே காரணம். கிராங்க் முனையின் சரிவில் காயம் ஏதுமில்லை என்று பார்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புதுச் சாவி போட்டு, கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினார். சத்தம் போய்விட்டது.

எஞ்சினை யாரும் பிரிக்கவே இல்லை என்பதற்கு, சிலிண்டரை மூடும் ஹெட்டின் போல்ட்டுகளை அவர்தான் காட்டினார். போல்ட் தலையையும் ஹெட்டையும் சேர்த்து மூடியிருந்த கம்பெனிப் பெயிண்ட் எங்குமே விரிசல் விடவில்லை. கேஸ்கட் ஓரத்திலும் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. ஒரு முறையாவது ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தப் பெயிண்ட் உடையாமல் இருக்காது. பழைய பாகங்கள் என்று அவர்கள் கொடுத்தனுப்பிய பெட்டியில் இருந்ததோ ஒரே ஒரு பிஸ்டன். அதையும் வெர்னியரில் அளந்தால் எங்கள் எஞ்சினின் சிலிண்டர் துளை அளவுக்குப் பொருந்தவே இல்லை.

எஞ்சினை ஒப்படைக்கும் முன் ஹெட் போல்ட்டுகளையும் ஃப்ளைவீல் நட்டையும் தேதி தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் அளவு பார்க்காமல், பிளக் சோதனை செய்யாமல் "ராடு போயிருச்சு" என்பவரிடம் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒர்க் ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. படகு தொழிலுக்கானது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழில் என்றால் புகார் கொடுக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. ஒர்க் ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் பில், படங்கள், அந்த ஒற்றைப் பிஸ்டன் எல்லாவற்றோடும் சேலத்தில் புகார் பதிவாகும்.