அமியானும் போவேயும்: நடுக்கூடம் கட்டியவர்களும் கோபுரம் கட்டியவர்களும்

பிரான்சின் வடக்கே, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு கோதிக் (கூர்வளைவுகளோடு உயர்ந்தெழும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) பேராலயங்கள் இருக்கின்றன. அமியான் பேராலயம் 1220-இல் தொடங்கியது. போவே பேராலயத்தின் வேலை 1225-இல் தொடங்கியது. இரண்டு ஊரிலும் பழைய கோயிலில் தீப்பிடித்த பிறகுதான் புதியது எழுந்தது. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இரண்டுமே கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலேறிப் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் அமியானுக்குப் போகிறவர்கள் பேராலயத்துக்காகப் போகிறார்கள். போவேயின் பெயரோ பலருக்கு மலிவு விமானம் பிடிக்கும் ஊராகத்தான் தெரியும்.

போவேயைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே கதைதான். வானத்தைத் தொட ஆசைப்பட்டார்கள், இடிந்து விழுந்தது, அவ்வளவுதான். இந்தக் கதை எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயரத்தைவிட எதை முதலில் கட்டினார்கள் என்பதுதான் இவற்றின் விதியைத் தீர்மானித்தது என்று தோன்றுகிறது.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். பாரிஸ் நோத்ர தாமின் உட்கூரை சுமார் 33 மீட்டர். ஷார்த்ர் 37, ரேன்ஸ் 38. அமியான் 42 மீட்டரைத் தாண்டியது. போவே 48-ஐத் தாண்டியது. அதாவது எல்லோரும் ஏறிய ஏணியில் போவே இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு யாரும் நினைக்காத எதையும் அது நினைத்துவிடவில்லை.

அமியானில் ஆயர் எவ்ரார் த ஃபூயுவாவும் தலைமைக் கொத்தனார் ரோபேர் த லுசார்ஷும் வேலையை நடுக்கூடத்திலிருந்து, அதாவது மக்கள் கூடும் நீண்ட பகுதியிலிருந்து, தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இது வழக்கத்துக்கு மாறானது. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் கட்டுவார்கள். 1236 வாக்கில் நடுக்கூடம் தயார். 1270 வாக்கில் கிழக்குப் பகுதியும் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளில், ஒரே திட்டத்தின் தொடர்ச்சியாக, 145 மீட்டர் நீளக் கட்டடம்! உள்ளே நின்றால் அந்த ஒருமை கண்ணுக்குத் தெரியும். தரையில் 1288-இல் பதித்த எண்கோணச் சுழல்பாதை இருந்தது. இப்போது இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் அதே வடிவில் திரும்பப் பதித்தது. அதன் நடுக்கல்லில் ஆயரோடு மூன்று தலைமைக் கொத்தனார்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பணமும் ஒரு காரணம். அமியான் நீலச் சாயச் செடி வணிகத்தில் கொழித்த ஊர். தெற்குப் பக்கச் சுவரில் சாய வணிகர்கள் மூட்டையோடு சிலையாக நிற்கிறார்கள். 1206-இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த, புனித திருமுழுக்கு யோவானின் தலை என்று நம்பப்பட்ட நினைவுப்பொருள் யாத்ரீகர்களையும் காணிக்கையையும் கொண்டுவந்தது. போவேயில் ஆயர் மிலோன் த நான்தேய் அரசரோடு மோதினார். அதில் ஆயரின் வருமானமே முடங்கியது.

போவேயில் வழக்கப்படி கிழக்குப் பகுதியை முதலில் எடுத்தார்கள். 1272-இல் முடித்தார்கள். 1284-இல் கூரையின் ஒரு பகுதி இடிந்தது. ஏன்? அடித்தளம் என்றார்கள், தூண்களுக்கிடையே இடைவெளி அதிகம் என்றார்கள். பிரின்ஸ்டன் பொறியாளர் ராபர்ட் மார்க் மாதிரிகளை வைத்து ஆராய்ந்து, காற்றின் அழுத்தத்தில் வெளிப்பக்கத் தாங்குதூண்களில் விரிசல் விட்டிருக்கும் என்றார். காரணம் எதுவானாலும், திருத்தம் இன்றும் கண்முன் இருக்கிறது: பழைய தூண்களுக்கு நடுவே புதிய தூண்களைச் செருகியிருக்கிறார்கள். உயரத்தை மட்டும் ஒரு மீட்டர்கூடக் குறைக்கவில்லை. அதே உயரத்தில் திரும்பக் கட்டிய அந்தக் கூரை இன்றுவரை நிற்கிறது. 'உயரம்தான் கொன்றது' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர். 1500-இல்தான் மார்த்தேன் ஷாம்பீஜ் என்ற தலைமைக் கொத்தனார் குறுக்குக்கூடத்தை, அதாவது சிலுவையின் கைகள் போல வடக்கிலும் தெற்கிலும் நீளும் பகுதியை, தொடங்கினார். 1548-இல் அது முடிந்தது. உண்மையான தவறு நடந்தது இதற்குப் பிறகுதான். நடுக்கூடம் கட்டாமலே, குறுக்குக்கூடச் சந்திப்பின் மேல் 153 மீட்டர் கோபுரத்தை எழுப்பினார்கள். 1569-இல் அது முடிந்தபோது சந்திப்புத் தூண்களுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் முட்டுக்கொடுக்கக் கட்டடம் இருந்தது, மேற்கே ஒன்றுமில்லை. மேற்குத் தூண்கள் சாய்வதைக் கொத்தனார்கள் கண்டு, நடுக்கூடத்தின் முதல் பகுதியையாவது உடனே கட்டச் சொன்னார்கள். வேலை தாமதமாயிற்று. 1573 ஏப்ரல் 30, விண்ணேற்றத் திருநாள். மக்கள் பவனியாக வெளியேறிய சிறிது நேரத்தில் கோபுரம் விழுந்தது.

அமியான் தப்பித்தது மட்டும் எப்படி? அதுவும் சாகக் கிடந்ததுதான். 15-ஆம் நூற்றாண்டின் முடிவில் அதன் சந்திப்புத் தூண்கள் பிதுங்கத் தொடங்கின. 1497 வாக்கில் பியேர் தாரிசெல் கிழக்குப் பகுதிக்கு வெளியே சுவரை வெளியிலிருந்து தாங்கும் முட்டுவளைவுகளில் இரண்டாவது வரிசையைச் சேர்த்தார். உள்ளே இரும்புச் சங்கிலி போட்டு இறுக்கினார். இடுப்பு ஒட்டியாணம் போல அந்தச் சங்கிலி இன்றும் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேற்கே முழு நடுக்கூடமும் இருந்ததால் தாரிசெலுக்கு அவகாசம் கிடைத்தது.

சரி, ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால்? சிற்பத்துக்கும் முழுமைக்கும் அமியான்தான், தயங்கவே வேண்டாம். மேற்கு வாசல்களில் ஒவ்வொரு மாதமும் மக்கள் செய்யும் வேலைகளைச் செதுக்கியிருப்பதைப் பார்ப்பதற்கே அரை நாள் போய்விடும். கட்டடம் எப்படி நிற்கிறது என்று அறிய ஆசைப்படுபவர்கள் போவேக்குப் போங்கள். வடக்குக் குறுக்குக்கூடத்தில் 1990-களில் வைத்த மரமும் எஃகுமான முட்டுச் சட்டங்களைப் பார்த்துவிட்டு, வெளியே மேற்குப் பக்கம் வாருங்கள். நடுக்கூடம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 10-ஆம் நூற்றாண்டின் சிறிய பழைய பேராலயத்தின் ஒரு பகுதி இடிபடாமல் நிற்கிறது. புதியது கடைசிவரை வராததால் பிழைத்த கட்டடம் அது.