ஏழு கோடை தாங்கிய இ-ரீடர்: வாங்கலாமா?

போன வாரம் என் இ-ரீடருக்கு, அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவிக்கு, பேட்டரி மாற்றினேன். 2018இல் வாங்கியது. வேலூர் வெயிலில் ஏழு கோடை தாங்கியதே பெரிய விஷயம். மூன்று வாரம் நின்ற சார்ஜ் மூன்று நாளில் தீர ஆரம்பித்திருந்தது. ஆற்காடு ரோட்டில் ஒரு கடையில் 1,600 ரூபாய் ஆனது. அதைப் பார்த்துவிட்டு ஆபீஸில் கூட வேலை செய்யும் பெண், "அக்கா, இப்ப விலை குறைஞ்சிருக்கு, நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்றாள்.

திரை, எடையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண் வலிக்காது. அவ்வளவு போதும்.

இதை வாங்கும்போது நான் மாத நாவல் வாசகி. காட்பாடியில் ரயில் ஏறினால் அரக்கோணத்தில் இறங்குவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்தாக வேண்டும். அந்த நாவல்களை இன்றும் குறைவாகச் சொல்ல மாட்டேன், படிக்கிற வெறியை எனக்குக் கொடுத்தவை அவைதான். ஆனால் இதில் முதல் சில பக்கங்கள் இலவசம். கடையில் கையில்கூட எடுத்திருக்க மாட்டேன், அப்படிப்பட்ட புத்தகங்களை இதில் தொட்டுப் பார்த்தேன். மலையாளச் சிறுகதைகள், ஒரு மருத்துவரின் தன்வரலாறு, ஏரிப் பாசனம் பற்றி ஓர் ஆய்வு. ஏரிப் புத்தகம் முடித்த பிறகு, காவேரிப்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போனால் கண் தானாக மதகைத் தேடுகிறது.

அப்புறம் குறுந்தொகை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி. 6 அங்குலத் திரையில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, அளவெடுத்துத் தைத்த மாதிரி. திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலத்தின் மேல் வண்டி போகும்போது, கீழே வெறும் மணலைப் பார்த்தபடி பாலைத்திணைப் பாட்டைப் படித்த அந்தக் காலை நேரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கோபமும் அங்கேதான் ஆரம்பித்தது. 99ஆம் பாட்டு 'உள்ளினென்' என்று தொடங்கும். சொல்லின் மேல் விரல் வைத்தேன். பொருள் கிடைக்கவில்லை என்றது. ஆங்கிலச் சொல்லைத் தொட்டால் அடுத்த நொடி விளக்கம் விரிகிறது, தமிழுக்கு அகராதியே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கும் மேல் சொற்கள். அதை அப்படியே உள்ளே போட்டாலும் பாதி வேலைதான். அதில் 'உள்ளுதல்' என்றிருக்கும், நினைத்தல் என்று பொருள். 'உள்ளினென்' அதிலிருந்து வந்தது என்று கருவிக்குச் சொல்லித்தர வேண்டும். விகுதி மேல் விகுதி ஏறும் மொழிக்கு அது இல்லாமல் அகராதி வேலை செய்யாது. ஏழு வருடத்தில் எத்தனையோ அப்டேட் வந்தது, இது மட்டும் வரவில்லை. கொலை நாவல் படித்த வரை இந்தக் குறை என் கண்ணில் பட்டதே இல்லை. நான் எங்கோ போய்விட்டேன், இது அங்கேயே நிற்கிறது.

கைப்பையில் ஒரு 80 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தெரியாத சொல்லை எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பொருள் தேடி எதிரில் எழுதுகிறேன். பணம் கொடுத்து வாங்கிய கருவி செய்ய வேண்டிய வேலை இது.

அதனால் அவளிடம், "வாங்காதேம்மா, இந்த விலைக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். என்னுடையதை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறேன், நோட்டையும் சேர்த்து.