சேரவிடாமல் தடுப்பது எது?

காதல் நாவலில் முடிவு எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறேன். வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் எடுத்துப் படித்து வளர்ந்தவள் நான். சஸ்பென்ஸ் வேண்டுமென்றால் பக்கத்து அலமாரியிலேயே ராஜேஷ்குமார் இருந்தார். காதல் கதையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த இரண்டு பேரை முந்நூறு பக்கத்துக்குச் சேரவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது? ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகிற சண்டை என்றால், மன்னிக்கணும், எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் காதலிக்கிற நாவல்களில் எழுதுகிறவருக்கு ஒரு ரெடிமேட் தடை கிடைத்துவிடுகிறது. ஊர் என்ன சொல்லும், அம்மா அழுவாள், அண்ணன் பேச மாட்டான். அதையெல்லாம் நாங்கள் வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கி வேறு படிக்கணுமா? அதனால் எனக்குப் பிடிப்பவை, அதோடு நிற்காமல் திருட்டுக் கதையோ சரித்திரமோ விஞ்ஞானக் கதையோ, தான் எந்த வகையோ அதிலிருந்தே ஒரு சிக்கலை இழுத்து வருகிற நாவல்கள். எங்கள் வீட்டில் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர்: நானும், என்னோடு வாழ்கிற இவளும். இவளுக்கு மந்திரமும் டிராகனும் வேண்டும். எனக்குக் கடிதம், கோர்ட், களவு. ஆகவே கீழே வருவதில் பாதிக்கு எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' (2002) பற்றி மட்டும் தகராறு இல்லை. புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன நாவல். விக்டோரியா காலத்து லண்டன். லான்ட் தெருவில் திருடர்களுக்கு நடுவே வளர்ந்த சூ என்கிற பெண்ணை, 'ஜென்டில்மேன்' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு மோசடிக்காரன் வேலைக்கு அமர்த்துகிறான். பெரிய சொத்துக்கு வாரிசான மாட் என்கிற இளம்பெண்ணிடம் பணிப்பெண்ணாகச் சேர வேண்டும். அவனைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் மனதைக் கரைக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டுப் பணத்தில் பங்கு. சூவுக்கு மாட் மேல் ஆசை வந்துவிடுகிறது. இங்கே தடை ஊர் வாய் இல்லை, சூ செய்துகொண்டிருக்கிற துரோகம். கன்னத்தைத் தடவிக் கொடுக்கிற கைதான் கழுத்தில் சுருக்கு மாட்டப் போகிறது.

ஒரு காட்சி போதும். மாடுக்கு ஒரு பல் கூராக இருந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கிறது. சூ ஒரு அங்குஸ்தானை, அதுதான் தையல்காரர்கள் விரலில் மாட்டுவார்களே அதை, கொண்டுவந்து விரலில் போட்டுக்கொண்டு, மாடின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பல்லைத் தேய்த்து மழுக்குகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. முத்தம் கிடையாது, பெருமூச்சு வர்ணனை கிடையாது. நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முதல் பாகம் முடிகிற இடத்தில் கதை அப்படியே தலைகீழாகும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்களும் யாரையும் சொல்லவிடாதீர்கள். பார்க் சான்-வுக் 2016இல் இதையே 1930களின் கொரியாவுக்கு மாற்றி 'தி ஹேண்ட்மெய்டன்' எடுத்தார். படம் அழகு. ஆனாலும் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

திருட்டிலிருந்து விஞ்ஞானக் கதைக்கு வந்தால், அமல் எல்-மொஹ்தாரும் மாக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து எழுதிய 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்' (2019). இருநூறு பக்கம் சொச்சம். காலத்தின் ஊடே முன்னும் பின்னும் போய் வரலாற்றைத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்துகிற இரண்டு எதிரிப் படைகள். ஒன்றின் உளவாளி ரெட், மற்றதன் உளவாளி ப்ளூ. கிண்டலாக ஆரம்பிக்கிற கடிதப் போக்குவரத்து காதலாகிறது. கடிதத்தைக் காகிதத்தில் எழுதினால் மாட்டிக்கொள்வார்களே, அதனால் ஒரு மரத்தின் ஆண்டு வளையங்களில் எழுதி வைக்கிறாள் ஒருத்தி. மரம் வளர்ந்து, வெட்டப்பட்டால்தான் அடுத்தவள் படிக்க முடியும். காத்திருப்பதைப் பற்றி இதைவிட அழகாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. 2020இல் விஞ்ஞானக் கதை உலகின் ஹ்யூகோ விருதை, குறுநாவல் பிரிவில், வாங்கியது. அப்புறம் 2023இல் ஒரு அனிமே ரசிகர் ட்விட்டரில் போட்ட உற்சாகக் கூச்சலில் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. இவளுக்கு இது பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசுறாங்க, கவிதை கவிதையா கொட்டுறாங்க, யாருக்காவது பசிச்சுதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நாற்பது பக்கம் வரைக்கும் எனக்கும் தலை கால் புரியவில்லை. போர் எதற்காக நடக்கிறது என்று விசாரிப்பதை விட்டுவிட்டுக் கடிதங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கரை சேர்ந்துவிடலாம்.

இனி ஒரு பழைய புத்தகம். இ. எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்'. 1913–14இல் எழுதினார், அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. 1970இல் அவர் இறந்து, 1971இல்தான் வெளிவந்தது. இரண்டு ஆண்களும் கடைசியில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் எழுதியபோது ஆணும் ஆணும் உறவு கொள்வது இங்கிலாந்தில் ஜெயிலுக்குப் போகிற குற்றம். சட்டம் ஓரளவு தளர்ந்தது 1967இல். ஒருவன் தூக்கு மாட்டிக்கொள்வதாக முடித்திருந்தால் வெளியிடுவதில் இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது என்று அவரே பின்னுரையில் குத்தலாகச் சொல்கிறார்.

இதில் முதல் காதலன் கிளைவ், படித்த பணக்காரப் பையன். கேம்பிரிட்ஜில் பிளேட்டோவைப் பேசிக் காதலிப்பான், தொட விடமாட்டான், பிறகு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகிவிடுவான். இரண்டாமவன் அலெக், எஸ்டேட் காவலாள். இங்கே உண்மையான தடை வர்க்கம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு காட்சி. அலெக் மாரிஸை மிரட்டப் பார்க்கிறான், மாரிஸ் முறைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த நேரம் பார்த்து மாரிஸின் பழைய பள்ளி ஆசிரியர் எதிரே வந்து, பெயரை யோசித்து யோசித்துத் தப்பாகச் சொல்கிறார். மாரிஸ் தன் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. "என் பெயர் ஸ்கடர்" என்று அலெக்கின் குடும்பப் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறான். எதற்கு அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. மிரட்டல் அங்கேயே புஸ்ஸென்று இறங்கிவிடுகிறது. புத்தகத்தின் நடுப்பகுதி கொஞ்சம் வறட்சி, பெண்கள் எல்லாம் நாற்காலி மேஜை மாதிரி வந்து போகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன்.

பெட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் எழுதிய 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், 'கேரல்' படமும் வந்துவிட்டது. ஒன்று மட்டும்: அது பாதியில் துப்பறியும் கதையாக மாறுகிற இடம்தான் எனக்குப் பிடித்தது. காரில் கேரலும் அவள் காதலியும், பின்னாலேயே கேரலின் கணவன் ஏற்பாடு செய்த உளவாளி, பணயம் கேரலின் மகள்.

அடுத்து லேசான சரக்கு. இந்த வகைப் புத்தகங்களுக்கு இப்போதெல்லாம் கார்ட்டூன் படம் போட்ட அட்டை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா "பிள்ளைங்களுக்காம்மா?" என்று கேட்டார். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் படிக்கவே கூடாத ஒரு பக்கத்தைப் புரட்டினேன். கேசி மெக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' (2019) அது. அமெரிக்கப் பெண் ஜனாதிபதியின் மகனும் இங்கிலாந்து இளவரசனும் அரச கல்யாணத்தில் சண்டை போட்டுக் கேக்கோடு சரிகிறார்கள். மானத்தைக் காப்பாற்ற நண்பர்களாக நடிக்கிறார்கள். மீதி உங்களுக்கே தெரியும். இருவரும் எழுதுகிற மின்னஞ்சல்கள் அருமை. அரசியல் பகுதி சுத்த அம்புலிமாமா. அம்புலிமாமா எனக்குப் பிடிக்கும் என்பதால் புகார் இல்லை.

அலெக்சிஸ் ஹாலின் 'பாய்ஃபிரண்ட் மெட்டீரியல்' (2020) சிரிக்க வைப்பதில் இதைவிட ஒரு படி மேல். நாயகன் லூக் வேலை செய்வது சாணி வண்டுகளைக் காப்பாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில். பத்திரிகையில் அவன் படம் கேவலமாக வந்ததும் நன்கொடையாளர்கள் நழுவுகிறார்கள். வேலை தப்ப, ஒரு மரியாதையான காதலன் இருப்பதாகக் காட்ட வேண்டும். கிடைப்பது ஆலிவர் என்கிற வக்கீல். வண்டு ஆபீஸ் வரும் பக்கங்களில் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஆனால் கடைசிக் கால்வாசியில் இருவரும் கவுன்சலிங் அறையில் உட்கார்ந்த மாதிரி தங்கள் மனக்காயங்களை முறைப்படி விளக்கத் தொடங்குகிறார்கள். சமீபத்திய நாவல்களில் இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. காதலர்கள் கத்தட்டும், பொய் சொல்லட்டும், கதவைச் சாத்தட்டும். பக்குவமாகப் பேசுவதை வாழ்க்கையில் செய்துகொள்ளலாம்.

இவளுடைய அலமாரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். டி. ஜே. க்ளூனின் 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ' (2020) இவளுக்கு உயிர். நாற்பது வயதுத் தொப்பைக்கார அரசு ஊழியர் லைனஸ், மாயக் குழந்தைகள் இருக்கும் ஒரு தீவு விடுதியை ஆய்வு செய்யப் போய் அங்கே நடத்துநர் ஆர்தரிடம் மனதைப் பறிகொடுக்கிறார். கதாநாயகனுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மற்றபடி பாயசத்தின் மேல் தேனையும் ஊற்றிய மாதிரி. ஆனாலும் ஓட்டலில் பெட்டி தூக்குகிற வேலைதான் வேண்டும் என்று கனவு காண்கிற, எலும்பே இல்லாத சான்சி என்கிற குட்டிக்கு முன்னால் என் விமர்சனம் செல்லுபடியாகவில்லை. டாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) வேறு ரகம்: இந்தியாவை நினைவூட்டும் ஒரு பேரரசு, தீக்குளிக்க மறுத்ததற்காக அண்ணனால் சிறை வைக்கப்பட்ட இளவரசி மாலினி, தன் சக்தியை மறைத்துக்கொண்டு வேலைக்காரியாக இருக்கும் பிரியா. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அரசியல் கணக்கு. முத்தம் கொடுக்கும்போதும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் சுவை. கதை சொல்கிறவர்கள் மட்டும் ஏகப்பட்ட பேர், நடுவில் சில அத்தியாயங்களை நான் தாண்டிவிட்டேன்.

எல்லோரும் அழுத 'தி சாங் ஆஃப் அகிலிஸ்' எனக்கு ஒட்டவில்லை. ஹோமரின் கிரேக்கக் காவியத்தில் அகிலிஸின் உயிர்த்தோழன் பட்ரோக்லஸ் களத்தில் ஆள் மேல் ஆளாகச் சாய்க்கிறவன். இருவரையும் காதலர்களாக்கி எழுதிய மேடலின் மில்லர் அவனை மருந்து கட்டுகிறவனாக மென்மையாக்கிவிட்டார். இரண்டு வீரர்களுக்கு நடுவே இருந்திருக்கக்கூடிய உரசல் போய்விட்டது. இவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அகிலிஸுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

என் விதிக்கு அடங்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) காதல் நாவல் என்று விற்கப்படுவதல்ல, சேர்ந்து வாழ்வதில் முடிவதும் அல்ல. கொழும்புத் தமிழ்ப் பையன் ஆர்ஜி சின்ன வயதில் தாத்தா பாட்டி வீட்டில் சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு விளையாடுகிறவன். பள்ளியில் ஷெஹான் என்கிற சிங்களப் பையனோடு காதல். அந்தப் பள்ளியின் கொடுமைக்கார முதல்வர், பரிசளிப்பு விழாவில் ஆர்ஜியை இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிக்கச் சொல்கிறார். தன் பேச்சையே அந்தக் கவிதைகளை வைத்துத்தான் தயாரித்திருக்கிறார். ஷெஹானை அவர் படுத்திய பாட்டுக்குப் பதிலாக, ஆர்ஜி மேடையில் வேண்டுமென்றே வரிகளைக் கலந்து குளறுகிறான். அவர் பேச்சு கந்தலாகிவிடுகிறது. காதலுக்காக ஒருவன் செய்கிற வீரச்செயல் என்று ஏதேதோ படித்திருக்கிறோம். பாடத்தைத் தப்பாக ஒப்பிப்பது என்பது எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது, அந்த வயதுக்கு!

அப்புறம் 1983 ஜூலை வருகிறது. வீடு எரிகிறது. குடும்பம் கனடா போகிறது. இவ்வளவு நாள் எதை மறைப்பது என்று பயந்துகொண்டிருந்த பையனை, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, அவன் தமிழன் என்பது, ஷெஹானிடமிருந்து பிரிக்கிறது. ஊர் வாயோடு நிற்காமல் வேறு தடையைக் கொண்டுவாருங்கள் என்று மேலே அவ்வளவு சட்டமாகச் சொன்னேன் அல்லவா, இது வந்த வழியைப் பார்த்தபின் அடுத்த புத்தகத்தை எடுக்கக் கொஞ்ச நாள் ஆனது. ஈழத்தை எழுதிய தமிழ் நாவல்கள் படித்தவர்கள்கூட இதைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: படுக்கையறைக் காட்சிகள் அதிகம் வேண்டாம் என்பவர்கள் செருலியன் சீயில் தொடங்கலாம், 'டைம் வார்' எடுக்கலாம். அதெல்லாம் தாராளமாக வேண்டும், ஐஸ் ஹாக்கி தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' இருக்கிறது. பந்தயக் களத்தில் ஜென்ம விரோதிகள், ஓட்டல் அறையில் வேறு கதை. அதை பஸ்ஸில் படிக்காதீர்கள். வீட்டில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளை இருந்தால் ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' படக்கதையை முதல் தொகுதியிலிருந்து வாங்கிக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்த அக்கா மகள் இரண்டு தொகுதிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திருப்பிக் கேட்கவில்லை, மூன்றாவதை அனுப்பி வைத்தேன்.