‘அடைக்கப்பட்டனர்’, ‘அடைத்தார்கள்’: முகாம் பெண்களை எந்த நடையில் எழுதுவது?

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது, வடக்கே வன்னிச் சனத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு முட்கம்பி முகாம்களில் வைத்திருந்தது. பெரும்பகுதியினர் வவுனியா செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமில். எங்கள் மாதர் சங்கத்துப் பெண்களின் முகாம் நினைவுகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது இரண்டு நடைகள் முன்னால் இருந்தன. ஒன்று, செய்திகளும் அறிக்கைகளும் பழக்கிய ‘பட்டனர்’ நடை, அதாவது செயப்பாட்டுவினை. மற்றது, யார் என்ன செய்தார் என்று நேரே சொல்வது. நான் இரண்டாவதை எடுத்தேன்.

முதல் நடை சுருக்கமானது, வாசிப்பவருக்கு உடனே இரக்கம் வரும். ‘அபலைகள்’ போன்ற அடைமொழிகளைப் பற்றிப் பேச அதிகமில்லை, வெட்டிவிட்டால் சரி.

என்னை முடிவெடுக்க வைத்தது, வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறாரா என்பதுதான். ‘விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்’ என்றால் கூட்டிப்போனவர் காணாமல் போய்விடுகிறார். பெண்ணும் எதையும் செய்யாதவராகவே மிஞ்சுகிறார். ‘படையினர் எங்களைக் கம்பிக்குள் வைத்தார்கள். அக்கா விடிய முன்னமே தண்ணி பவுசர் வரிசையில் வாளியை வைத்தார். கம்பிக்கு அங்கால் வந்தவர்களிடம் மகனின் பெயரைச் சொல்லி விசாரித்தார்’ என்று எழுதும்போது அடைத்தவரும் தெரிகிறார், தேடியவரும் தெரிகிறார். சிறையின் கொடுமை இதனால் ஒரு துளியும் குறையவில்லை.

ஆனால் செய்வினையை எங்கும் போட்டுவிடவும் முடியாது. ‘ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ் ஏறினார்’ என்றோ, முகாமுக்கு அரசு வைத்த பெயரிலேயே ‘நலன்புரி நிலையத்தில் தங்கினார்’ என்றோ எழுதினால் அவர் விரும்பிப் போனது போலாகிவிடும். 2009 டிசம்பர் வரை வெளியே போய்வர விடாத இடத்தில் யாரும் ‘தங்க’வில்லை. ஆகவே அடைத்ததைச் சொல்லும் இடத்தில் அடைத்தவர் எழுவாய். உள்ளே வாழ்ந்ததைச் சொல்லும் இடத்தில் அந்தப் பெண் எழுவாய். தொகுப்பு முழுக்க இதைத்தான் கைக்கொண்டேன்.

‘பட்ட’ நடை நியாயம் செய்யும் இடமும் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்பதை ஏற்பதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்கிறார்கள். ‘போனோர்’ என்றால் பிள்ளைகள் தாமாகப் போனதாகிவிடும். ‘ஆக்கப்பட்டோர்’ என்னும்போது ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பது நிற்கிறது.

பாலியல் வன்முறை பற்றிய வாக்குமூலங்களை நான் தொகுத்ததில்லை. செய்தவரைச் சொன்னால் ஆபத்து வரும் என்று ஒரு பெண் அஞ்சினால், ‘எனக்கு நடந்தது’ என்று அவர் நிறுத்திய இடத்திலேயே நாமும் நிறுத்த வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன். வவுனியா பம்பைமடுவில் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் அரசு வைத்திருந்த, புலிகள் இயக்கத்தின் முன்னாள் போராளிப் பெண்களோடும் நான் அதிகம் பேசியதில்லை. ‘போராளி என்றே எழுதுங்கோ’ என்பவரும் உண்டு, அந்தச் சொல் இப்போது வேண்டாம் என்பவரும் உண்டு. அவர்கள் கதைக்கு என் நடை பொருந்துமா என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.