ஊருக்குள் ஒரு சென்ட் மனை இருந்தால் பி.எம்.ஏ.ஒய். 2.0 எவ்வளவு கைகொடுக்கும்?

நகரத்துக்குள் சின்ன மனையில் கூரை வீடு வைத்திருப்பவர், அங்கேயே நல்ல வீடாகக் கட்டிக்கொள்ள அரசுப் பணம் கேட்டால் இன்று முதலில் சொல்லக்கூடியது, 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0 (பி.எம்.ஏ.ஒய். 2.0). இதில் நான்கு பிரிவுகள். சொந்த மனை உள்ளவருக்கு உரியது தானே கட்டிக்கொள்ளும் பிரிவு, அலுவலகங்களில் பி.எல்.சி. என்பார்கள். எங்கள் மதிப்பீட்டில் நான்கிலும் உருப்படியானது இதுதான். குடும்பம் தெருவை விட்டு நகர வேண்டாம்; பிள்ளைகளின் பள்ளியும் மாறாது.

தகுதி: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு, அதாவது நிரந்தரக் கட்டுமான வீடு, கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது. மத்திய அரசு 1.5 லட்சம், மாநிலம் குறைந்தது 1 லட்சம். வீட்டின் உள்ளளவு 30 முதல் 45 சதுர மீட்டர்.

இனி கணக்கு. 30 சதுர மீட்டர் என்பது 323 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 6.46 லட்சம் ஆகிறது. அரசு தரும் இரண்டரை லட்சம் அதில் நாற்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவதே நல்லது. ஏனென்றால் இந்தப் பணம் வேலைக்கு முன்னால் வருவதல்ல, பின்னால் வருவது. அடித்தளம், லிண்டல் (வாசல், சன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கூரை, முடிவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து இடக்குறியுடன் ஏற்றிய பிறகே தவணை நகரும். லிண்டல் மட்டத்தில் பணம் நின்றால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். வெளியே நீட்டிய கம்பி மழையில் துருப்பிடிக்கும். பாதியில் நிற்கும் வீடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

மனையின் அளவும் சோதிக்கும். 12 அடிக்கு 36 அடி, ஏறக்குறைய ஒரு சென்ட் என்று வையுங்கள். இருபுறமும் 9 அங்குலச் சுவர் போனால் உள் அகலம் பத்தரை அடி. 323 சதுர அடி வர 31 அடி நீளம் வேண்டும். முன், பின் சுவரையும் சேர்த்தால் மிச்சம் மூன்றரை அடி. படிக்கட்டு, செப்டிக் டேங்க், முன்னால் விட வேண்டிய இடம் எல்லாம் அதற்குள் அடங்காது. ஆகவே மாடி எடுக்க வேண்டிவரும். அப்படியென்றால் தொடக்கத்திலேயே தூண் போட்டுவிடுங்கள். வெறும் சுவர் அடித்தளத்தில் தரைத்தளத்தை முடித்துவிட்டு, பிறகு மாடி ஏற்ற நினைப்பது ஆபத்து.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது பட்டாவில். இறந்த தாத்தா பெயரில் பட்டா, அண்ணன் தம்பி நால்வர் பெயரில் கூட்டுப் பட்டா, பாகம் பிரித்தும் உட்பிரிவு செய்யாத மனை, ஆதாரில் ஒரு பெயர் பட்டாவில் ஒரு பெயர்: இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். நீர்நிலைப் புறம்போக்கிலோ கோயில் நிலத்திலோ குடியிருப்பவர் இந்தப் பிரிவில் நம்பிக்கை வைக்க வேண்டாம். வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ அமைய வேண்டும் என்பது இத்திட்டத்தின் நல்ல விதி.

இன்னொன்று, ஒப்புதல் வரும் முன் பழைய குடிசையைப் பிரித்துவிடாதீர்கள். முதல் படம் வேலை தொடங்காத நிலையில் எடுக்கப்பட வேண்டும். கட்டட அனுமதிக்கு, 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறை பெரிய உதவி: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட ஒற்றைச்சாளர இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது.

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டித் தரும் அடுக்குமாடிப் பிரிவு, இடம் எங்கே என்பதைப் பொறுத்தது. சென்னையில் பழைய குடியிருப்பை இடித்து அதே இடத்தில் கட்டினால் தயங்காமல் ஏற்கலாம். பெரும்பாக்கம் போல ஊரெல்லைக்குத் தள்ளினால் பேருந்துச் செலவையும் இழக்கும் வேலையையும் கணக்கில் சேருங்கள்.

வருமானம் 9 லட்சம் வரை உள்ளவருக்கு வட்டி மானியப் பிரிவு உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு வட்டியில் 4 சதவீத மானியம், உச்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில். 2022 மார்ச்சுடன் முடிந்த பழைய வட்டி மானியத் திட்டத்தில் 2.67 லட்சம் வரை மொத்தமாகக் கடன் கணக்கில் ஏறியது. அந்தத் தாராளம் இதில் இல்லை. ஒவ்வொரு தவணையின்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். நகையை விற்று அவசரமாகக் கடனை அடைத்தால் மிச்சத் தவணை போய்விடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிரிவுதான். மனையும் பட்டாவும் தெளிவாக உள்ள, 3 லட்சத்துக்குக் கீழ் வருமானக்காரர் வங்கிக்குப் போகும் முன் நகராட்சியில் பி.எல்.சி. பட்டியலைக் கேட்கட்டும்.