ரெண்டாவது ஆள் எங்கே?

2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் இரண்டு மாரத்தான்களையும் விடிவதற்கு முன்பே எழுந்து, தொடக்கம் முதல் முடிவு வரை டிவியில் பார்த்தேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி 400 மீட்டருக்குப் பத்துக்குப் பத்து. அதற்கு முந்தைய நாற்பத்தொன்றே முக்கால் கிலோமீட்டருக்கு நாலு. அந்த நாலிலும் ஒன்று, அந்த வெக்கையில் கேமராவைச் சுமந்துகொண்டு போன மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக.

நல்லதை முதலில் சொல்வோம். ஆண்கள் ஓட்டத்தில் ஜெர்மனியின் அமனால் பெட்ரோஸ் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். கோட்டை நெருங்கும்போது தான்சானியாவின் அல்ஃபோன்ஸ் சிம்பு பக்கத்தில் வந்துவிட்டார். பெட்ரோஸ் கோட்டின் மேலேயே விழுந்தார். இருவருக்கும் 2:09:48, வித்தியாசம் 0.03 விநாடி. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஃபோட்டோ ஃபினிஷ்! அந்தக் கொஞ்ச நேரத்தைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு கோணத்தில் காட்டினார்கள். அலுக்கவே இல்லை. ஸ்டேடியத்துக்குள் கேமராவுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் கம்பியில் இணைந்தவை, படம் அறுந்துபோகிற பயமும் இல்லை. மாரத்தானில் ஸ்டேடியத்துக்குள் நடப்பது கொஞ்சம்தான் என்பதுதான் சிக்கல்.

அதற்கு முந்தைய நாள் பெண்கள் ஓட்டம். கென்யாவின் பெரெஸ் ஜெப்சிர்சிர் 2:24:43, எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:24:45. இதுவும் ஸ்டேடியத்துக்குள் முடிவான ஓட்டம், இதையும் பிரமாதமாகக் காட்டினார்கள். அப்புறம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு மூன்றாவதாக உள்ளே வந்தவர் ஜூலியா பாட்டர்னெய்ன். உருகுவே. நேரம் 2:27:23. உலகத் தடகளப் போட்டியில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். கோட்டைத் தாண்டி நின்றவருக்குத் தான் மூன்றாவது என்பதே தெரியவில்லை. அங்கிருந்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

எனக்கும் தெரியாது. அவர் எந்தக் கிலோமீட்டரில் யாரைத் தாண்டி அந்த இடத்துக்கு வந்தார் என்பதை நான் பார்த்த ஒளிபரப்பை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ஓடுகிறவருக்கே தெரியாதது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஓடுகிறவருக்கு முன்னால் போகிறவர் முதுகு மட்டும்தான் தெரியும். ஒளிபரப்புக் குழுவின் நிலைமை அப்படி இல்லையே. ஒவ்வொரு 5 கிலோமீட்டரிலும் சாலையில் விரித்திருக்கும் பாயை மிதித்தவுடன் ஒவ்வொருவரும் அணிந்திருக்கும் சிப்பிலிருந்து நேரம் அவர்கள் கணினியில் வந்து விழுகிறது. அதைத் திரையின் ஓரத்தில் போட மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

என்னோடு உட்கார்ந்து பார்த்த அப்பாவுக்குக் கபடியும் கிரிக்கெட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா கண்ணு, ரெண்டாவது கூட்டம் எங்கடா இருக்குது?" அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் நான் இன்னும் நாலு மதிப்பெண் சேர்த்துப் போட்டுவிடுவேன்.

இடைவெளியைக் காட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டமாகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். முன்னால் போகும் வண்டியிலிருந்து, ஓடி வருகிறவர்களைத் தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டும் லென்ஸில் பிடிக்கிறார்கள். அந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் ஒரே இடத்தில் ஒட்டி வைத்துவிடும். ஐம்பது மீட்டர் பின்தங்கிவிட்டவரும் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலத் தெரிவார். "இதோ பிடிக்கப் போகிறார்" என்று வர்ணனையாளர் உற்சாகமாவார். பக்கவாட்டிலிருந்து ஒரு காட்சி வந்ததும்தான் குட்டு உடையும். நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம்.

இதற்கு நான் வைத்திருக்கும் வைத்தியம்: முதல் ஆள் ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குவேன். அதே கம்பத்துக்கு அடுத்தவர் வரும்வரை எண்ணுவேன். விநாடிக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து எண்ணினால் ஐம்பத்தைந்து மீட்டர். அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர்தான் எனக்கு இடைவெளி சொன்னார். ஆனால் இரண்டு பேரும் ஒரே காட்சியில் இருந்தால்தான் இந்த வைத்தியம் பலிக்கும். பெரும்பாலும் இருப்பதில்லை.

வேகமும் அப்படியே. 2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி ஆண்கள் உலக சாதனை படைத்தார். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்குப் பதினேழு விநாடி சொச்சம். பள்ளி விளையாட்டு விழாவில் பல பையன்கள் ஒரே ஒரு தடவை அந்த நேரத்தில் 100 மீட்டர் ஓடிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் அதை நிற்காமல் 422 தடவை செய்தார். டிவியில் பார்த்தால் ஏதோ காலையில் பூங்காவில் ஓடுகிறவர் மாதிரி இருக்கிறது. காரணம், கேமராவும் அதே வேகத்தில் பக்கத்திலேயே போகிறது. எப்போதாவது சாலை ஓரத்தில் அசையாமல் நிற்கும் கேமராவின் படம் வரும். மூலையில் திரும்பி, வந்த வேகத்தில் சட்டெனக் காணாமல் போவார்கள். பின்னால் சைக்கிளில் துரத்தும் பையன்கள் மூச்சு வாங்குவார்கள். ஐந்து விநாடிக் காட்சி. அதில் புரிவது இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிள் படத்தில் புரிவதில்லை. நாலைந்து திருப்பங்களில் அப்படி ஒரு கேமரா நட்டு வைப்பதற்கு ஹெலிகாப்டர் ஒன்றும் தேவையில்லை.

கிப்டமின் அதே ஓட்டத்தை எண்களின் அருமைக்கும் உதாரணமாகச் சொல்லலாம். பாதித் தூரத்தை அவர் 60:48-க்குத் தாண்டினார். அப்போதைய உலக சாதனை எலியுட் கிப்சோகே 2022-ல் பெர்லினில் ஓடிய 2:01:09. பாதியை இரண்டால் பெருக்கினால் 2:01:36 வரும். ஆக, சாதனை இல்லை என்று தோன்றும். ஆனால் 30-லிருந்து 35 கிலோமீட்டர் வரையிலான ஐந்தை அவர் 13 நிமிடம் 51 விநாடியில் முடித்தார். இரண்டாவது பாதி 59:47. அவர் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. முதல் கிலோமீட்டரில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அந்த முகம். அந்தச் சமயத்தில் திரையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: கடந்த ஐந்து கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம், அதற்கு முந்தைய ஐந்துக்கு எவ்வளவு. பெரும்பாலான ஒளிபரப்புகளில் மொத்த நேரம் ஓடும் கடிகாரம் மட்டும் மூலையில் இருக்கிறது. அது எனக்கு எதற்கு? என் கையிலும் கடிகாரம் இருக்கிறதே.

நகர மாரத்தான்களில் இன்னொரு தொல்லை. இரண்டு ஓட்டங்கள், ஒரு திரை. நியூயார்க்கிலும் லண்டனிலும் பெண்கள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார்கள். பெண்களுக்கு மரியாதையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். பெண்கள் 2:20-ல் கோட்டைத் தொடும்போது ஆண்கள் 1:50 ஓடியிருப்பார்கள், அதாவது 36, 37-ஆவது கிலோமீட்டர். இரண்டு ஓட்டத்திலும் குடுமிப்பிடி நடக்கிற நேரம் அதுதான். ஒன்றைக் காட்டினால் மற்றது போச்சு. திரையை இரண்டாகப் பிரித்தால் தீர்ந்துவிடும். பிரிப்பார்கள், ஆனால் பத்தாவது கிலோமீட்டரில், ஒன்றுமே நடக்காதபோது. பெர்லினில் வேறு கதை: எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவதால் பெண்கள் ஆண் பேஸ்மேக்கர்களுக்கு, அதாவது வேகம் பிடித்துக் கொடுப்பதற்காகக் கூட ஓடுகிறவர்களுக்கு, நடுவில் மறைந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் 2023-ல் அசெஃபா அங்கேதான் 2:11:53 ஓடி அப்போதைய உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கும் மேல் உடைத்தார்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான் 2021 ஆகஸ்டில் சப்போரோவில் நடந்தது. கிப்சோகே 2:08:38-ல் முடித்து, ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளியில் தங்கம் வாங்கிவிட்டார். வழக்கமான இயக்குநர் என்றால் அவருடைய சிரிப்பையே காட்டிக்கொண்டிருப்பார். அங்கே அடுத்து வந்தவர்களுக்குக் கேமரா போனது. நெதர்லாந்தின் அப்தி நகீயே வெள்ளிக்காக ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டி, பின்னால் வரும் பெல்ஜியத்தின் பஷீர் அப்தியை "வா, வா" என்று கூப்பிடுகிறார். இருவரும் சோமாலியாவில் பிறந்தவர்கள், ஒன்றாகப் பயிற்சி எடுப்பவர்கள். நடுவில் கென்யாவின் லாரன்ஸ் செரோனோ. கூப்பிட்ட குரலுக்குப் பஷீர் வந்தே விட்டார். 2:09:58 வெள்ளி, 2:10:00 வெண்கலம், 2:10:02 செரோனோவுக்கு நான்காம் இடம். அந்தக் கையசைப்பைப் படம் பிடித்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

மற்றபடி இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஜப்பானியர்களிடம்தான் போக வேண்டும். ஹகோனே எகிடென் என்று பல்கலைக்கழக அணிகளின் தொடர் ஓட்டம், ஜனவரி 2, 3 இரண்டு நாளும். டோக்கியோவிலிருந்து மலை மேல் இருக்கும் ஆஷி ஏரிக்குப் போய்த் திரும்ப வேண்டும், சுமார் 217 கிலோமீட்டர், அணிக்குப் பத்துப் பேர். 1987 முதல் நிப்பான் தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. நான் கவாசாகியில் வேலை பார்த்தபோது, புத்தாண்டு விடுமுறையில் வெளியே போகவும் மனமில்லாமல் இதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன்தான். ஜப்பானிய மொழி எனக்கு அரைகுறை. ஆனாலும் எல்லாம் புரிந்தது. முதல் அணியோடு ஒரு வண்டி, அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி, இடையில் மோட்டார் சைக்கிள். ஸ்டூடியோவில் இருப்பவர் ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு நிலவரம் கேட்பார். தோளில் போட்டிருக்கும் பட்டையை அடுத்தவருக்கு மாற்றும் இடங்களில் ஒவ்வொரு அணியும் எத்தனை நிமிடம் எத்தனை விநாடி பின்னால் என்று கடைசி அணி வரை சொல்வார்கள்.

அங்கே முதல் பத்து இடத்துக்குள் வந்தால் அடுத்த ஆண்டு நேரடி அனுமதி. 2025-ல் அவோயாமா ககுயின் வென்று பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பிறகும் யாரும் டிவியை அணைக்கவில்லை. எட்டாம் இடம் முதல் பத்தாம் இடம் வரை மிச்சமிருந்த மூன்று இடங்களுக்கு நான்கு அணிகள் சேர்ந்து ஓடி வந்துகொண்டிருந்தன. ஜுன்டெண்டோ 7 விநாடியில் பதினோராவதாகப் போனது. நான் அன்று எழுந்து நின்றுகொண்டு பார்த்தேன். பதினோராம் இடத்துக்கு ஒருவனை எழுந்து நிற்க வைக்கிற ஒளிபரப்பு அது. பாட்டர்னெய்னின் மூன்றாம் இடத்துக்கு என்னை அப்படி நிற்க வைத்திருக்க முடியாதா?

வர்ணனையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பழைய ஓட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் சுற்றுலாக் கையேட்டை வாசிப்பார்கள். "கென்யாக்காரர் முன்னால், எத்தியோப்பியர் பின்னால்" என்று இரண்டு மணி நேரம் பேசுவதை மட்டும் விட்டால் போதும், பெயரா இல்லை அவர்களுக்கு? எத்தியோப்பியாவில் நம்மைப் போலவே சொந்தப் பெயரோடு அப்பா பெயர்தான். நாம் அதை இனிஷியலாக முன்னால் வைக்கிறோம், அவர்கள் முழுதாகப் பின்னால் வைக்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெயித்த தமிரட் டோலாவை "டோலா, டோலா" என்று கூப்பிட்டால் கூப்பிடுவது அவர் அப்பாவை. தமிழ் வர்ணனை இருந்தால் இந்த ஒரு விஷயமாவது தப்பாமல் இருக்கும். கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் கிடைக்கிற தமிழ் வர்ணனை மாரத்தானுக்கு எப்போது வருமோ.

விளம்பரத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சேனல் என்பது வேண்டாம். மாரத்தானில் ஓவர் முடிந்தது என்று ஒன்று கிடையாது, எங்கே வெட்டினாலும் ஓட்டத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக முப்பதாவது கிலோமீட்டருக்கு மேலா? பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்த கூட்டம், பல்பொடி விளம்பரம் முடிந்து வந்து பார்த்தால் நாலு பேராகியிருந்தது. உடைத்தது யார், எப்போது, ஒரு மறுகாட்சி உண்டா? கிடையாது.

பார்க்க நினைப்பவர்களுக்கு: கையில் போனை வைத்துக்கொள்ளுங்கள், போட்டியின் அதிகாரபூர்வ செயலியிலோ தளத்திலோ ஐந்து ஐந்து கிலோமீட்டருக்கான நேரங்கள் வரும். டிவி படத்துக்கு, போன் கணக்குக்கு. வர்ணனை பிடிக்காவிட்டால் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், நஷ்டமில்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் பெர்லினில் தொடங்கலாம்: செப்டம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு, நம் நேரத்துக்கு மதியம் பன்னிரண்டே முக்கால். சிகாகோ அக்டோபரில், மாலை ஆறு மணி. நியூயார்க் நவம்பர் முதல் ஞாயிறு இரவு ஏழு மணிக்கு மேல். பாஸ்டன் ஏப்ரலில், அதுவும் இரவு ஏழு மணிவாக்கில்தான், ஆனால் திங்கள்கிழமை. அலுவலகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.