வேகக் கட்டமரானுக்கு எந்த டிரைவ்? பினாங்கு நீரில் சர்ஃபேஸ் டிரைவும் ஸ்டெர்ன் டிரைவும்

நானும் என் மைத்துனரும் சேர்ந்து வைத்திருக்கும் 36 அடி டீசல் கட்டமரானில், அதாவது இரட்டை உடல் படகில், இருந்த இரண்டு ஸ்டெர்ன் டிரைவுகளும் (உள்ளே இருக்கும் இயந்திரத்தின் விசையைப் படகின் பின்புறம் தொங்கும் கியர்க்கூட்டின் வழியே புரொப்பெல்லருக்குக் கடத்தும் அமைப்பு) மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் கைவிட்டுவிட்டன. பினாங்குத் தீவின் பத்து மாவுங் என்னும் ஊரில் படகைக் கரையேற்றி இடப்புற டிரைவின் கியர் எண்ணெயை வடித்தபோது அது தே தாரேக் பால்தேநீர் நிறத்தில் வந்தது. புரொப்பெல்லர் தண்டின் சீலுக்குள் தூண்டில் நரம்பு சுற்றி, உப்புநீர் உள்ளே போயிருந்தது. வலப்புறத்தில் சேதம் இதைவிட மோசம். பெல்லோஸ் என்னும் ரப்பர் உறையின் மடிப்புகளுக்குள் கொட்டலசு, அதாவது மலாய்க்காரர்கள் தெரித்திப் என்று சொல்லும் ஓட்டுயிர், அரிசி மணி அளவில் வரிசையாக ஒட்டி வளர்ந்திருந்தது. டிரைவ் திரும்பும் ஒவ்வொரு முறையும் மடிப்பு நெருங்க, அந்தக் கூரிய ஓடுகள் ரப்பரை அறுத்துவிட்டன. உள்ளே இருந்த பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. "இதையே மறுபடி மாட்டுனீங்கன்னா மூணு வருஷத்துல மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க, தம்பி" என்றார் பட்டறை அண்ணன்.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் வாட்டர் ஜெட்டை விரைவிலேயே தள்ளிவிட்டோம். மழைக்குப் பின் பிறை ஆற்று முகத்துவாரத்திலிருந்து மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகளை அதன் உறிஞ்சுவாய் இழுத்துக்கொள்ளும் என்பதோடு, இரண்டு உடல்களுக்கும் நடுவே ஓடும் காற்று அந்த வாய்க்குள் புகுந்தால் ஜெட் பிடியை இழக்கும். படகின் பின்னால் வெளியே மாட்டும் இயந்திரமான அவுட்போர்டு நல்ல தேர்வுதான். படகு 30 அடிக்குள் இருந்திருந்தால் யோசிக்காமல் அதையே மாட்டியிருப்பேன். ஆனால் எங்களிடம் நல்ல நிலையில் இரண்டு டீசல் இயந்திரங்கள் இருந்தன, அவற்றைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. ஆக, புதிய ஸ்டெர்ன் டிரைவா, புரொப்பெல்லர் பாதி மட்டும் நீரில் அமிழ்ந்து சுழலும் சர்ஃபேஸ் டிரைவா என்பதே எஞ்சிய கேள்வி. நாங்கள் சர்ஃபேஸ் டிரைவைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்டெர்ன் டிரைவின் கியர்க்கூடு முழுவதும் நீருக்குள் இழுபடுகிறது; அந்த இழுவை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 20 நாட் வேகத்தில் (மணிக்கு 20 கடல் மைல்) பெரிதாகத் தெரியாத பாரம் 40 நாட் வேகத்தில் நான்கு மடங்காகிறது. சர்ஃபேஸ் டிரைவில் படகு ஓடும்போது புரொப்பெல்லரின் கீழ்ப்பாதியும் ஒரு சிறு துடுப்புத் தகடும் மட்டுமே நீரில் இருக்கும். இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் காற்றை உடன் எடுத்துக்கொண்டு நீருக்குள் இறங்குவதால், நீராவிக் குமிழ்கள் சட்டென்று நசுங்கி உலோகத்தை அரிக்கும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. இதன் மூலக் கருத்து பழையது. ஆல்பர்ட் ஹிக்மன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய புரொப்பெல்லர்களைத் தம் ஸீ ஸ்லெட் படகுகளில் பயன்படுத்தினார். அந்தப் படகின் அடிப்பகுதி நடுவே குழிந்து, இன்றைய கட்டமரானுக்கு உறவுமுறை சொல்லும்படி இருந்தது. நீர்மட்டத்திற்கு ஏற்ப ஹைட்ராலிக்கால் ஏற்றி இறக்கவும் திருப்பவும் கூடிய வடிவத்தை 1980 வாக்கில் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஹோவர்ட் ஆர்னசன். எங்கள் படகில் இருப்பதும் அந்த முறையைச் சேர்ந்ததே. முன்பு உச்ச வேகம் 37 நாட், இப்போது 43. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவுள்ள லங்காவிக்குப் போய்வரும் டீசலில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆயினும் அதே சமயத்தில் அடிப்பகுதிக்குப் புதுப் பூச்சும் அடித்தோம் என்பதால், மிச்சம் முழுவதையும் டிரைவின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

சர்ஃபேஸ் டிரைவின் பலவீனங்களில் சில கட்டமரானில் தாமாகவே மட்டுப்படுகின்றன. மெதுவாகப் போகும்போது அதன் பெரிய புரொப்பெல்லர் முழுவதும் நீரில் அமிழ்ந்துவிடும். டர்போ விழித்துக்கொள்ளாத டீசல் அந்தப் பாரத்தை இழுக்கத் திணறும். ஒற்றை உடல் படகில் மூக்குத் தூக்கி நிற்கும் அந்த இடைவேகம் பெரிய தலைவலி. ஒல்லியான இரண்டு உடல்கள் கொண்ட படகோ அவ்வளவு மேடேறத் தேவையில்லை. முதல் முறை ஜெரேஜாக் தீவைத் தாண்டிப் பினாங்குப் பாலத்தை நோக்கி முடுக்கியபோது இயந்திரங்கள் 1,900 சுற்றில் நின்றுவிட்டன, பின்னால் கரும்புகை எழுந்தது. டிரைவுகளை ஏற்றி இறக்கும் ட்ரிம் பொத்தானை இரண்டு நொடி அழுத்தி டிரைவுகளைச் சற்றே உயர்த்தினேன். இறக்கைகளுக்குக் காற்று கிடைத்தது, சுற்று சடசடவென்று ஏறியது, பாலத்தின் நிழலை எட்டுவதற்குள் படகு நீரின் மேல் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னோக்கிச் செலுத்தும் வலு இந்த டிரைவுகளுக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு புரொப்பெல்லர்களும் அகலமான இடைவெளியில் இருப்பதால், ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் செலுத்திப் படகை நின்ற இடத்திலேயே திருப்ப முடிகிறது.

இவையெல்லாம் இரண்டாம் நிலைக் காரணங்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் படகு சும்மா கட்டிக் கிடக்கும் நாட்களின் பராமரிப்பு. வாரத்தில் ஒரு நாள் ஓட்டினால் அதிகம். மற்ற ஆறு நாட்களும் படகு 30 டிகிரி வெப்பமுள்ள கலங்கிய நீரில் நிற்கிறது. ஆண்டு முழுவதும் குளிராத இந்த நீரில் கொட்டலசுக்கு ஓய்வுக்காலமே கிடையாது. இரண்டு வாரம் அசையாமல் விட்டால் கைவைத்த இடமெல்லாம் சொரசொரக்கும். குளிர்நாட்டுக்கென எழுதப்பட்ட பராமரிப்பு அட்டவணையை இங்கே அப்படியே நம்பியதுதான் நாங்கள் முதலில் செய்த பிழை.

ஸ்டெர்ன் டிரைவை முழுவதும் தூக்கி வைத்தாலும் அதன் கணிசமான பகுதி நீருக்குள்ளேயே இருந்தது, பெல்லோஸும் சேர்த்து. படகுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் உறை மட்டுமே காவல் என்ற நிலையில், மழைக்கால இரவுகளில், படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை நினைத்துத் தூக்கம் கெட்டதுண்டு. அலுமினியக் கூட்டில் பூச்சு உரிந்த இடத்தில் வெண்மாவாகப் பூக்கும் அரிப்பு தனிக்கதை. சர்ஃபேஸ் டிரைவில் அப்படிப்பட்ட மடிப்பு உறை இல்லை, நீருக்குள் கியர்களும் இல்லை. கியர்பெட்டி படகுக்குள் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. பின்பலகைக்கு வெளியே இருப்பவை உருண்டை மூட்டும் தண்டும் ஹைட்ராலிக் சிலிண்டர்களுமே. டிரைவின் எண்ணெய்க்கு உள்ளே ஒரு சிறு தொட்டி உண்டு. ஓட்டுவதற்கு முன் அதைப் பார்ப்பது என் வழக்கம்: மட்டம் குறைந்தாலோ நிறம் வெளுத்தாலோ சீல் கசிகிறது என்று பொருள். படகைத் தூக்காமலே இது தெரிவது பெரிய நிம்மதி.

படகைக் கட்டியதும் டிரைவுகளை உச்சிவரை ஏற்றிவிடுகிறோம். ஏற்றும்போது ட்ரிம் சிலிண்டரின் பளபளப்பான தண்டு உள்ளே ஒடுங்கிப் பத்திரமாகிறது. ஆபத்து திருப்பும் சிலிண்டரில் இருக்கிறது, ஏனெனில் நடுநிலையில் அதன் தண்டில் பாதி எப்போதும் வெளியே நிற்கும். அங்கே ஒரு கொட்டலசு பிடித்து, அதைக் கவனியாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், ஓடு சீலைக் கிழித்துவிடும். எட்டாம் மாதத்தில் எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. நீர்மேல் எண்ணெய்ப் படலம் வானவில்லாக விரிந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அதன் பிறகு புதன்கிழமைதோறும் மைத்துனர் நீச்சல் மேடையில் குப்புறப் படுத்து, ஈரத்துணியால் அந்தத் தண்டுகளைத் துடைக்கிறார். பத்து நிமிட வேலை, இதுவரை வேறு சீல் போகவில்லை. வலைக்கயிறு சுற்றினாலும் டிரைவைத் தூக்கிவிட்டு அந்த மேடையிலிருந்தே கத்தியால் அறுத்துவிடலாம். பூக்காட் வலைகள் நிறைந்த நம் கடலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. முன்பெல்லாம் முகமூடி மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியிருந்தது.

இனி எதிர்ப்பக்கம். செலவு கூடுதல். ஸ்டெர்ன் டிரைவுக்குள்ளேயே கியர் இருப்பதால், அதைக் கழற்றும்போது முன்னும் பின்னும் செலுத்தத் தனிக் கியர்பெட்டிகள் வாங்க வேண்டும், அவற்றுக்கேற்ப இயந்திரத்தின் தாங்குகட்டையும் மாற்ற வேண்டும். டிரைவுகள் பின்பலகைக்கு அப்பால் நீண்டு நிற்பதால் கட்டுமிடத்தில் நீளம் கூடுகிறது. பிள்ளைகள் நீந்தும் படகானால் காப்புக் கம்பி கட்டாயம். அரைபாதி நீரில் அடித்துச் சுழலும் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் இடியைத் தாங்குகிறது. இறக்கையின் அடிப்பகுதியில் நுண்விரிசல் விழக்கூடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை சாயமிட்டுச் சோதிக்கிறோம். எங்கள் புரொப்பெல்லர்கள் இரண்டரை ஆண்டே ஓடியவை, ஆகவே அவற்றின் ஆயுளைப் பற்றி உறுதியாகப் பேசும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. மறுவிற்பனையும் அப்படியே: படகைப் பார்க்க வந்த ஒரே ஒருவர் பின்புறத்தைக் கண்டதும் தயங்கினார், ஒருவரை வைத்துச் சந்தையை எடைபோட முடியாது. 30 நாட் வேகத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர் இந்தச் செலவில் இறங்க வேண்டாம் என்பேன்.

வாங்க முடிவு செய்கிறவர்கள் ஏற்றி இறக்க முடியாத நிலையான தண்டு வகையை, விலை குறைவு என்பதற்காக மட்டும் கட்டமரானில் பொருத்திவிடக் கூடாது. ஒல்லியான உடல்கள் பாரம் ஏறினால் ஒற்றை உடல் படகைவிட அதிகமாக அமிழும். எங்கள் படகில் டாங்கு நிறைந்து ஆறு பேர் ஏறிய நிலைக்கும், கால் டாங்கோடு இருவர் மட்டும் இருந்த நிலைக்கும் பின்பலகையின் ஆழத்தில் 8 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. பாதி அளவே அமிழ வேண்டிய புரொப்பெல்லருக்கு அந்த 8 சென்டிமீட்டர் மிகப் பெரிய அளவு. ட்ரிம் உள்ள டிரைவில் ஒரு பொத்தானை அழுத்தி அதைச் சரிசெய்யலாம். நிலையான தண்டில் ஒன்று இயந்திரம் திணறும், இல்லையேல் இறக்கை காற்றிலேயே சுழலும். ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு, அமைதியான ஒரு காலையில் படகை இரண்டு பாரங்களிலும் மிதக்கவிட்டு, பின்பலகையில் மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டு அளந்துகொள்ளுங்கள். டிரைவை எந்த உயரத்தில் துளையிட்டுப் பொருத்துவது என்று பட்டறையில் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு கோடுகளைத்தான்.